மேலே போய்க் கீழே வந்த பீரோ

ஒருவருடைய சாமர்த்தியம் யாருக்குச் சொந்தம்? பணம் பெட்டியில் இருக்கிறது, படிப்பு தலையில் இருக்கிறது. அவை யாருடையவை என்று சொல்லிவிடலாம். சாமர்த்தியம் அப்படி ஓரிடத்தில் தங்குவதில்லை. காரியம் நடக்கும்போது கண்ணில் படுகிறது. முடிந்த பிறகு பலன் மட்டும் மிஞ்சுகிறது, அதுவும் பெரும்பாலும் வேறொருவர் வீட்டில். என் சித்தியின் வாழ்க்கையைச் சற்றுத் தள்ளி நின்று பார்க்கும்போதெல்லாம் இந்தக் கேள்வியில்தான் போய் முட்டிக்கொள்கிறேன்.

சித்தி என் அம்மாவின் தங்கை. வீடு மாற்றுகிறவர்களின் சாமான்களை ஏற்றி இறக்குவது தொழில். ஒரு பழைய லாரி, அதை ஓட்ட ஒருவர், தூக்க இரண்டு பேர், ஒரு குவியல் கிழிந்த போர்வைகள், தடிமனான கயிறு இரண்டு கட்டு, ஒரு இரும்புக் கப்பி. இவ்வளவுதான் கம்பெனி. முதலில் சித்தப்பாதான் நடத்திக்கொண்டிருந்தார். ஒரு மாடிப்படியில் ஃபிரிட்ஜ் நழுவியது. அதைத் தாங்கப் போனவரின் முதுகு பிசகியது. "ஒரு வாரம் நான் பாத்துக்கறேன், நீங்க படுங்க" என்று சித்தி லாரியில் ஏறினாள். அந்த வாரம் முடியவே இல்லை. சித்தப்பா வீட்டிலிருந்தபடி போன் எடுத்தார், சமையல் பழகினார், மனைவிக்கு 'மேஸ்திரி' என்று பெயர் வைத்தார்.

"மேஸ்திரி வந்தாச்சா? சுடுதண்ணி வைக்கட்டா?"

"வைங்க. கூலி நாளைக்குத் தரேன்."

அந்த வீட்டில் மாலை இப்படித்தான் தொடங்கும்.

தூக்குகிறவர்களில் ஒருவனுக்கு ஒல்லி என்று பெயர். லாரியில் ஏறினால் அவன் பக்கம் வண்டி சாயும். மற்றவன் ரேடியோ. தோளில் கட்டில் இருந்தாலும் வாய் நிற்காது. இருவருமே சித்தியைவிட மூத்தவர்கள், இருவருமே அவளை 'அக்கா' என்றுதான் கூப்பிட்டார்கள். என்னைச் சித்தி 'தத்துவம்' என்று கூப்பிடுவாள். கையில் புத்தகத்தோடு என்னை ஒருமுறை பார்த்துவிட்டாள், அவ்வளவுதான் காரணம்.

எங்கள் குடும்பத்தில் 'சாமர்த்தியம்' என்ற சொல் அவளைச் சுற்றியே புழங்கியது, ஆளுக்கு ஒரு விதமாக. அம்மா சொன்னால் அதில் பாதி பெருமை, பாதி கைகழுவல். "அவளுக்கென்ன, சாமர்த்தியசாலி, சமாளிச்சுக்குவா." ஒருத்தியைச் சாமர்த்தியசாலி என்று சொல்லிவிட்டால் அவளுக்கு யாரும் உதவ வேண்டியதில்லை என்பதை நான் அம்மாவிடமிருந்துதான் கற்றேன். சித்தப்பாவின் அக்கா 'சாமர்த்தியக்காரி' என்பார். அந்தக் கடைசி எழுத்துகளில் ஒரு கிள்ளு இருக்கும்: தம்பி அடுப்படியில், தம்பி பெண்டாட்டி லாரியில். அப்பாவுக்கோ, வேலையே செய்யாமல் பதவி உயர்வு வாங்குகிறவர்களிடம் இருப்பதுதான் சாமர்த்தியம். அதனால் சித்திக்கு அந்தச் சொல்லைக் கொடுக்க அவருக்கு மனம் வராது. "சூட்டிகை" என்று சொல்லி நிறுத்திக்கொள்வார்.

எனக்கு வியப்பாக இருப்பது இதே சொல்லின் குழந்தைப் பருவம். 'சமர்த்தா இரு' என்று பிள்ளையிடம் சொல்கிறோம். எதையும் தொடாதே, எதுவும் கேட்காதே, வைத்த இடத்தில் உட்கார் என்று அதற்குப் பொருள். அப்படி உட்கார்ந்து உட்கார்ந்து வளர்ந்த பிள்ளை, பிறகொரு நாள் எழுந்து எல்லாவற்றையும் தொட்டுப் புரட்டிக் காரியத்தை முடித்தால் அதற்கும் கிட்டத்தட்ட அதே பெயர். நடுவில் என்ன நடக்கிறது என்று எந்த அகராதியும் சொல்வதில்லை.

இதைச் சித்தியிடம் சொன்னேன். அவள் போர்வைகளை உதறி மடித்துக்கொண்டிருந்தாள்.

"அதெல்லாம் ஒண்ணும் இல்லடா தத்துவம். ரெண்டு தடவை நிலையில தலையை இடிச்சுக்கிட்டா மூணாவது தடவை தானா குனியறோம்ல? அதுக்கெல்லாம் ஒரு பேரா?"

"பின்னால வர்ற ஆளும் குனியணும்னு நீங்க சொல்றீங்களே, அது?"

"அது வாய். இந்த முனையைப் பிடி."

நான் எளிதில் பாராட்டுகிறவன் இல்லை. இருந்தாலும் அவள் வேலை செய்யும் விதத்தைச் சொல்லத்தான் வேண்டும். புது வீட்டைப் பார்க்காமல் பழைய வீட்டில் ஒரு கரண்டியைக்கூடத் தொடமாட்டாள். முழத்துக்கு ஒரு முடிச்சுப் போட்ட கயிற்றை எடுத்துக்கொண்டு முதலில் அங்கே போவாள். "புறப்படற இடத்துல மாட்டிக்கிட்டா சண்டை. போய்ச் சேர்ற இடத்துல மாட்டிக்கிட்டா அசிங்கம்" என்பாள். பிறகு பழைய வீட்டு மாடிப்படியின் திருப்பத்தில் நின்று, சாமான் வருவதற்கு முன்பே இரண்டு கைகளாலும் காற்றில் ஒரு பீரோவைத் திருப்புவாள். சாய்ப்பாள், தலைகீழாக்குவாள், உதட்டைச் சுழிப்பாள், மறுபடி நிமிர்த்துவாள். நெளிவு சுளிவு தெரிந்தவள் என்று பலரைச் சொல்கிறோம். இவளுக்கு அவை படிக்கட்டிலேயே இருந்தன.

சாமான்களைவிட மனிதர்கள்தான் கடினம். வீடு மாற்றுகிற நாளில் நல்ல குடும்பமும் கடித்துக் குதறிக்கொள்ளும். சித்தி உள்ளே நுழைந்ததும் யார் அதிகமாகக் கத்துகிறார் என்று பார்ப்பாள். அவர் கையில் நிலைக்கண்ணாடியைக் கொடுத்து, "இதை மட்டும் நீங்களே எடுத்துட்டு வாங்க சார், எங்க ஆளுங்களை நம்ப முடியாது" என்பாள். கண்ணாடியைப் பிடித்திருப்பவர் கத்த மாட்டார்.

ஒருமுறை ஒல்லியும் ரேடியோவும் இந்தத் தொழிலில் உள்ளவர்கள் மட்டுமே செய்யக்கூடிய தப்பொன்றைச் செய்தார்கள். வாசலுக்கு வெளியே, இரண்டு வீடுகளுக்கும் பொதுவான இடத்தில் ஒரு பிரம்பு நாற்காலி இருந்தது. எடுக்கிற வேகத்தில் அதையும் போர்வையில் சுற்றிக் கொண்டுபோய் லாரியின் அடிக்கோடியில் வைத்துவிட்டார்கள். அதன்மேல் ஒரு குடும்பமே ஏறியது. வண்டி புறப்படும் நேரத்தில் பக்கத்து வீட்டுப் பெரியவர் இறங்கி வந்தார்.

"என் நாற்காலி எங்கேம்மா?"

ரேடியோ அன்றைக்குத்தான் முதன்முறையாகப் பேச்சில்லாமல் நின்றான். நாற்காலியை எடுக்க வேண்டுமென்றால் லாரி முழுவதையும் இறக்க வேண்டும். போதாததற்கு, அந்தப் பெரியவருக்கும் வீடு மாறுகிறவர்களுக்கும் வருஷக்கணக்காகப் பேச்சுவார்த்தை கிடையாது. அதற்குக் காரணமே அந்த நாற்காலி அடைத்த இடம்தான்.

சித்தி லாரியின் முன்கதவைத் திறந்தாள். "ஏறுங்க ஐயா. நாற்காலி உங்ககிட்ட வர்றதுக்குச் சாயங்காலம் ஆகும். நீங்க நாற்காலிகிட்ட போறதுக்கு அரை மணிதான்."

என்ன நினைத்தாரோ, பெரியவர் ஏறிவிட்டார். புது வீட்டில் சாமான் இறங்கும்வரை எந்தச் சுவரில் ஈரம் இருக்கிறது என்று தட்டித் தட்டிப் பார்த்து அந்த வீட்டுக்காரருக்குச் சொன்னார். அவர்கள் டீ கொடுத்தார்கள். திரும்பும்போது காலி லாரியின் பின்பக்கம் தன் நாற்காலியிலேயே உட்கார்ந்து, ஊர்வலம் போகிறவர் மாதிரி வந்து இறங்கினார்.

அம்மா இதைக் கேட்டுவிட்டு, "ஆடிக் கறக்கிற மாட்டை ஆடிக் கறக்கணும், பாடிக் கறக்கிறதைப் பாடிக் கறக்கணும். அவளுக்குத் தெரியும்" என்றாள். அப்பா, "அந்த மனுஷன் ஏறாம இருந்திருந்தா?" என்றார். நியாயமான கேள்விதான். சித்தியிடம் கேட்டேன். "ஏறாட்டி இறக்கியிருப்போம். வேற என்ன பண்றது?" என்றாள். லாரி முழுவதையும் இறக்கவும் அவள் தயாராக இருந்திருக்கிறாள். வெறும் தந்திரக்காரர்களிடம் இதை நான் பார்த்ததில்லை. அவர்களுக்கு வழி மாறினால் கோபம் வரும்.

இனி நான் சொல்ல வந்த நாளுக்கு வருகிறேன்.

சீருடை போட்ட ஆட்கள், மூடிய பெரிய வண்டிகள் என்று ஒரு கம்பெனி எங்கள் பகுதிக்கு வந்தது. சித்தியின் லாரிக்கு வேலை குறைந்தது. லாரியும் ஏற்றத்தில் இருமத் தொடங்கியிருந்தது. ஓட்டுநருக்கு வேறு இடத்தில் அழைப்பு. "இந்த வருஷம் ஒரு பெரிய வேலை கிடைக்கலைன்னா வண்டியைக் குடுத்துடலாம், மேஸ்திரி" என்று சித்தப்பா சொல்லிவிட்டார். அவர் வேடிக்கையாகச் சொல்லாத வாக்கியங்கள் குறைவு; இது அவற்றில் ஒன்று.

அந்தச் சமயத்தில்தான் நான் வேலை பார்த்த அலுவலகம் புதுக் கட்டடத்துக்கு மாறப்போகிறது என்று தெரிந்தது. மேசைகள், அலமாரிகள், இரும்புப் பெட்டிகள், பிறகு கிளை அலுவலகங்கள். வருஷம் முழுக்க வேலை. யாருக்குக் கொடுப்பது என்பது மேனேஜர் கையில். சித்தியைப் பற்றி நான் சொன்னேன். மேனேஜர் யோசித்துவிட்டு, "அடுத்த வாரம் நானே வீடு மாறப்போறேன். முதல்ல என் வீட்டை மாத்திக் காட்டட்டும். பிடிச்சிருந்தா ஆபீஸ் வேலை அவங்களுக்குத்தான்" என்றார். வாக்குத் தவறுகிற மனிதர் இல்லை.

நான் சிபாரிசு செய்தவன் என்பதால் அன்று விடுப்பு எடுத்துக்கொண்டு அங்கே போயிருந்தேன். மூன்றாவது மாடி, அதற்கு மேல் மொட்டைமாடி. காலையிலிருந்து எல்லாம் வெண்ணெயில் கத்தி இறங்குவதுபோல நடந்தது. மேனேஜரிடம் கண்ணாடியைக் கொடுக்க வேண்டிய அவசியம்கூட வரவில்லை. மதியத்துக்குள் வீடு எதிரொலிக்கத் தொடங்கிவிட்டது. உள் அறையில் ஒரு மரப் பீரோ மட்டும் நின்றது.

அது மேனேஜரின் மனைவியுடையது. கல்யாணத்துக்கு முன்பே, தன் முதல் சம்பளத்தில் வாங்கியது என்று அவரே சொன்னார். கூரையைத் தொடுகிற உயரம், இரட்டைக் கதவு. அது வீட்டுக்குள் வந்தபோது கட்டடத்தில் லிஃப்ட் கிடையாது. பிறகு லிஃப்ட் வைத்தபோது அதன் கூண்டு படிக்கட்டின் பாதி அகலத்தை விழுங்கிவிட்டது. இப்போது பீரோ லிஃப்டிலும் நுழையாது, படியிலும் திரும்பாது. "வராது" என்று மேனேஜர் மாதக்கணக்காகச் சொல்லிக்கொண்டிருந்தாராம்.

சித்தி சமையலறையில் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தபோது மேனேஜர் உள்ளே வந்தார். நானும் அங்கே இருந்தேன்.

"உங்க வேலை எனக்கு ரொம்பப் பிடிச்சிருக்கும்மா" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தினார். "அந்தப் பீரோவை மட்டும் வராதுன்னு சொல்லிடுங்க. புது வீட்டுல அது நின்னா கட்டில் நிக்காது. ஆறு மாசமா இதே சண்டை. நான் சொன்னா நம்ப மாட்டேங்கறா. நீங்க ஒரு வார்த்தை சொன்னாப் போதும், விஷயம் முடிஞ்சுது. ஆபீஸ் வேலையைப் பத்தி நாளைக்கே பேசிடலாம்."

அவரைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. அவர் முகத்தில் சூழ்ச்சி எதுவும் இல்லை. தூங்க இடம் தேடுகிற மனிதனின் களைப்புதான் இருந்தது.

"பாக்கறேன் சார்" என்றாள் சித்தி.

உள் அறைக்குப் போனோம். மேனேஜரின் மனைவி பீரோவைக் காலி செய்து முடித்திருந்தார். துணிகள் மூட்டையாகத் தரையில் கிடந்தன.

"எல்லாரும் வராதுன்னுதான் சொல்றாங்க" என்றார். அழவும் இல்லை, கெஞ்சவும் இல்லை. "நீங்களும் ஒரு தடவை பாத்துட்டுச் சொல்லிடுங்க. உங்க வாயால கேட்டா விட்டுடறேன். இதைப் பத்தி இனிமே பேசக்கூட மாட்டேன்."

இதைவிட எளிதான வேலை சித்திக்கு வாழ்நாளில் வந்திருக்காது. ஒரு சொல். கணவனுக்கு நிம்மதி, மனைவிக்கு ஒரு முடிவு, லாரிக்கு வருஷம் முழுக்க ஓட்டம். பாம்பும் சாகிறது, தடியும் உடையவில்லை.

சித்தி பீரோவின் முதுகைத் தட்டினாள். கதவுகளின் கீல்களைத் தடவிப் பார்த்தாள். முடிச்சுக் கயிற்றால் உயரம் பிடித்தாள். படிக்கட்டுக்குப் போய் லிஃப்ட் கூண்டுக்கும் கைப்பிடிக்கும் நடுவில் நின்று காற்றில் கைகளைத் திருப்பினாள். தலையை ஆட்டிக்கொண்டாள். கீழே வழியில்லை, அது எனக்கே தெரிந்தது. பிறகு கயிற்றோடு மொட்டைமாடிக்கு ஏறும் படிகளில் தனியாக ஏறிப் போனாள்.

மேலே அவள் என்ன யோசித்தாள் என்பதில் எங்கள் குடும்பத்தில் இன்றுவரை ஒத்த கருத்து இல்லை. அலுவலகச் சாமான்கள் பிறகு சீருடைக்காரர்களின் வண்டியில் போயின. லாரி அந்த வருஷமே கைமாறியது. சித்தி இப்போது ஒரு சின்ன வேன் வைத்திருக்கிறாள், ஓட்டுவதும் அவளேதான். பெரிய வீடென்றால் மூன்று நடை அடிக்கிறாள். ஒல்லி கூட இருக்கிறான். ரேடியோ சீருடை போட்டுக்கொண்டுவிட்டான், அங்கே பேச விடுவதில்லை என்று வருத்தப்படுகிறான்.

"ஊருக்கெல்லாம் வழி சொல்றவ, தன் வழியில பள்ளம் தோண்டிக்கிட்டா" என்பது அம்மாவின் தீர்ப்பு. சித்தப்பாவின் அக்கா அன்றிலிருந்து சாமர்த்தியக்காரி என்று சொல்வதை விட்டுவிட்டு, 'பிழைக்கத் தெரியாதவ' என்கிறார், இந்த முறை கிள்ளு இல்லாமல், ஏறக்குறைய பிரியமாகவே. சித்தப்பாவின் விளக்கம், மேஸ்திரிக்கு 'வராது' என்ற சொல்லே வாயில் வராது என்பது. அது சரியில்லை. அதே மாதம் ஒருவரின் சோபாவைப் பார்த்து, "வராது சார், காலை அறுத்தாத்தான் உண்டு" என்று அவள் சொன்னதை நானே கேட்டிருக்கிறேன். பொய் சொல்ல மனசில்லாமல் இருந்திருக்கும் என்று நான் ஒரு காலத்தில் நினைத்தேன். புத்தகம் படிக்கிறவர்களுக்கு அப்படித்தான் தோன்றும். ஆனால் லாரியைக் கழுவிக்கூட முடிக்காமல், "வண்டி கிளம்பிடுச்சு, இதோ உங்க தெருவுக்குத் திரும்பறோம்" என்று தினமும் போனில் சொன்னவளும் இவள்தான். அந்தம்மாவின் முகத்தைப் பார்த்து இரங்கிவிட்டாள் என்கிறான் ஒல்லி. அவள் அந்த முகத்தைச் சரியாகப் பார்க்கவே இல்லை. அவள் கண் முழுக்கக் கீல்களில் இருந்தது.

அவளிடமே நான் கேட்டேன், ஒரு தடவை இல்லை, பல தடவை. ஒருமுறை, "அன்னிக்குக் காத்து இல்லைடா. காத்து அடிச்சிருந்தா முடிஞ்சிருக்காது" என்றாள். அது எப்படி என்ற கேள்விக்குப் பதில். ஏன் என்று மறுபடி கேட்டதற்கு, வேனின் பின்கதவைச் சாத்தச் சொன்னாள். சாத்தினேன்.

அன்றைக்கு அவள் மாடியிலிருந்து இறங்கி வந்தபோது நாங்கள் எல்லோரும் உள் அறையில் நின்றிருந்தோம். மேனேஜர் சுவரில் சாய்ந்திருந்தார். அவர் மனைவி துணிமூட்டையின் முடிச்சை அவிழ்த்து மறுபடி கட்டிக்கொண்டிருந்தார். சித்தியின் உள்ளங்கையில் மாடிச் சுவரின் சுண்ணாம்பு ஒட்டியிருந்தது. அதைப் புடவையில் துடைத்தாள். மேனேஜரை ஒருமுறை பார்த்தாள், மரியாதையாகவே.

"வரும்" என்றாள். "ஆனா மேல போய்த்தான் கீழ வரணும்."

மூன்றாவது மாடிக்கு மேல் லிஃப்ட் இல்லை. அதனால் மொட்டைமாடிக்குப் போகிற படி மட்டும் பழைய அகலத்திலேயே இருந்தது. கதவுகளைக் கழற்றினார்கள், இழுப்பறைகளை உருவினார்கள். வெறும் கூடாக நின்ற பீரோவைத் தலைகீழாக்கி மாடிக்கு ஏற்றினார்கள். தண்ணீர்த்தொட்டியின் தூணில் சித்தி கப்பியைக் கட்டினாள். கட்டை அவிழ்த்து மறுபடி கட்டினாள். கீழே ரேடியோ ஒரு கயிற்றைப் பிடித்து, பீரோ சுவரில் உரசாமல் தள்ளி இழுத்துக்கொண்டிருந்தான். மேலே ஒல்லியும் ஓட்டுநரும் கொஞ்சம் கொஞ்சமாகக் கயிற்றை விட்டார்கள். கைப்பிடிச் சுவரருகே நின்று சித்தி கையால் நிறுத்தினாள், விட்டாள், நிறுத்தினாள். போர்வை சுற்றிய பீரோ இரண்டாவது மாடி ஜன்னலைக் கடந்தபோது உள்ளே சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் தட்டோடு எழுந்து வந்து பார்த்தார்கள். பாதி வழியில் மேனேஜரும் இறங்கிப் போய், பீரோ வந்து இறங்குவதற்காகத் தரையில் விரித்திருந்த மெத்தையை இன்னும் கொஞ்சம் இடது பக்கம் இழுத்துப் போட்டார்.

பீரோ மெத்தையில் இறங்கியது. சித்தி மேலிருந்து எட்டிப் பார்த்து, "ரேடியோ, கீல் ஆணியெல்லாம் ஒரே பையில போட்டியா?" என்று கேட்டாள்.